வெறும் டிஷ்ஷுக்கு எதற்குச் சீரம்

பிப்ரவரி 3, திங்கள்

ஆய்வகத்துக்கு இன்று ஒரு புது ஜூனியர் வந்து சேர்ந்தார். ஜூனியர் என்றால் என்னைவிடப் பத்து வயது பெரியவர். பெயர் பரிமளா. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர். பிஎச்டி முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று கல்லூரி சொல்லிவிட்டதாம். உடனே அம்மையாருக்கு ஆராய்ச்சி ஆர்வம் பொங்கிவிட்டது. கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர், தலையில் இரண்டு முழம் மல்லிகை.

"வணக்கமுங்க. நீங்கதான் சிந்துஜாங்களா? சார் எல்லாத்தையும் உங்ககிட்டத்தான் கத்துக்கச் சொன்னாருங்க."

சொல்லாமல் என்ன செய்வார். எங்கள் வழிகாட்டி சபேசன் சார் பைப்பெட்டைக் கையால் தொட்டே பத்து வருடம் ஆகிறது. 24ஆம் தேதி எனக்கு வைவா, பிஎச்டிக்கான வாய்மொழித் தேர்வு. அதற்குள் நான் பாலர் பள்ளி வேறு நடத்த வேண்டுமாம்.

ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க'. நானும் உடுமலைக்காரிதான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் ஆய்வகத்தில் ஒருவரும் என் வாயிலிருந்து ஒரு 'ங்க' கேட்டதில்லை.

அவருக்குப் பாடம் நடத்தினேன். உடம்பில் செல்கள் அந்தரத்தில் தொங்குவதில்லை. அவற்றுக்கு வெளியே புரதங்களால் பின்னிய ஒரு வலை இருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டுதான் செல்கள் நகர்கின்றன, வளர்கின்றன, இதயமாகவோ தோலாகவோ ஆகின்றன. கோழிக் கருவின் இதயத்தில் அப்படி ஒரு வலைப் புரதத்தைச் சபேசன் சார் கண்டுபிடித்தார். கோயம்புத்தூர் ஞாபகமாக அதற்குக் கோவெக்டின் என்று பெயரும் வைத்துவிட்டார். டிஷ் என்கிற சின்ன வட்டத் தட்டின் அடியில் கோவெக்டின் பூசி, அதன்மேல் இதயச் செல்களைப் பிரித்து விட்டால் பற்றிக்கொள்ளும், மறுநாள் சேர்ந்து துடிக்கும். பூசாத வெறும் டிஷ்ஷில் பற்றாமல் மிதக்கும். என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் இதுதான். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் இதன் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன.

"டிஷ்ஷுல துடிக்குமுங்களா! கண்ணால பாக்கலாமுங்களா!"

பதினாறு வருடம் விலங்கியல் நடத்தியவர் கேட்கும் கேள்வி.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாமக்கல் பொரிப்பகத்திலிருந்து கரு வளர்ந்த முட்டை வந்தது. எட்டு உடைந்திருந்தது. டிரைவர் ரோட்டைத் திட்டினார், நான் டிரைவரைத் திட்டினேன்.

பிப்ரவரி 5, புதன்

பரிமளா மேடத்துக்கு முட்டை உடைக்கவும் இதயம் எடுக்கவும் காட்டிக்கொடுத்தேன். கை நடுங்கவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். டிஷ் கழுவும் கட்டத்தில் டிபன்காரர் போன் செய்துவிட்டார். வைவாவுக்கு வருகிறவர்களுக்கு ஸ்வீட் காரம் காபி நான் கொடுக்க வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். அறிவைச் சோதிக்க வருகிறவர்களுக்கு மைசூர்பாக்கு இல்லாமல் கேள்வி வராது. நான் அரை மணி நேரம் மைசூர்பாக்கு பேசி முடிப்பதற்குள் அவரே கழுவி, செல்களையும் விட்டு, டிஷ்களை இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மதியம் ஏதோ கொள்ளுப் பருப்பு என்று என் தட்டில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லாததால் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எல்லா டிஷ்ஷும் துடிக்கிறது. எல்லாம் என்றால் எல்லாம்! வெறும் டிஷ்ஷும் சேர்த்து!

லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார், வேறென்ன. கேட்டால், "இல்லீங்களே, நான் ரெண்டு தடவ பாத்துத்தானுங்க எழுதுனேன்" என்கிறார். முதல் வாரமே சத்தியம் செய்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது.

டீ நேரத்தில் சாரிடம் போய், "சார், நம்ம மேடம் கைப்பட்டா வெறும் டிஷ்ஷுக்கே உசுரு வந்துடுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் கடைசியில்தான் சிரிப்பார் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வெள்ளியன்று மறுபடி செய்யச் சொன்னேன். லேபிளை நானே ஒட்டினேன். இன்று பார்த்தால் மறுபடியும் எல்லாம் துடிக்கிறது.

ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள் மேடம் என்று உட்கார வைத்து விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அம்மையார் எல்லா டிஷ்ஷையும் சீரத்தில் கழுவியிருக்கிறார்!

சீரம் என்பது மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்துக் கடல் தாண்டி உறைபனிப் பெட்டியில் வருவது. இங்கே அதற்கு இருக்கிற மரியாதை எங்களுக்குக்கூடக் கிடையாது. கோவெக்டின் பூசிய டிஷ்ஷை மட்டும்தான் சீரத்தில் கழுவுவோம், செல்லுக்கு இதமாக இருக்கும் என்று. வெறும் டிஷ்ஷுக்கு உப்புத் தண்ணீர் போதும். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சார் சொல்லிவிடுவார்: "வெறும் டிஷ்ஷுக்கு எதுக்கும்மா சீரம்? குடியில்லாத வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா?" நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர்களும் சிரித்திருப்பார்கள்.

"மேடம், சீரம் என்ன குழாய்த் தண்ணியா? இப்படி ஊத்தித் தொலைச்சிருக்கீங்க!"

"தப்புங்களா? காலேஜுல பிராக்டிகல்ல அப்படித்தானுங்க பசங்களுக்குச் சொல்லுவேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி செய்யோணும், ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தோணும்னு. பழக்கதோஷமுங்க."

"இது பிராக்டிகல் எக்ஸாம் இல்ல."

"மன்னிச்சுக்கோங்க. இனிமே வெறும் டிஷ்ஷுக்கு உப்புத் தண்ணியே ஊத்தறேனுங்க."

அவர் டிபன் கேரியரைத் திறந்தார். எனக்குப் பசியில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். உண்மையிலேயே தலைவலிதான்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

விடுமுறை. ஊரே மருதமலைக்குப் போகிறது. நான் துணி துவைத்தேன். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பி.எஸ்சி. முதல் வருடப் பாடம். அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சார் கூப்பிட்டார். 27ஆம் தேதி பரிமளா மேடத்தின் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. அவருடைய பிஎச்டி பதிவை ரத்து செய்யச் சார் பரிந்துரைக்கப் போகிறாராம்.

"சீரத்தை வீணடிச்சாங்க, லேபிளைக் குழப்பினாங்க, தப்புத்தப்பா ரிசல்ட் எடுத்தாங்க. நீதானேம்மா சொன்ன?"

"லேபிள் சரியாத்தான் இருந்துது சார். ரெண்டாவது தடவை நானே ஒட்டினேன்."

"அப்ப சீரம்?"

"சீரம் ஊத்தினாங்க."

"அவ்வளவுதானே." அவர் பேனாவை மூடிவிட்டார்.

நல்லதுதான். மைக்ரோஸ்கோப் அறையில் இனி மல்லிகைப்பூ வாசனை அடிக்காது. கமிட்டி விஷயம் தெரியாமல் அந்த அம்மாள் இன்று வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொண்டுவந்திருந்தார். நான்கு சாப்பிட்டேன். ஒன்றும் பிரமாதமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆய்வகத்தில் ஒருவரும் இல்லை. வைவா ஸ்லைடு சரிபார்க்கப் போனேன். இந்த வாரத்து முட்டை மிச்சமிருந்தது, வீணாகப் போகுமே என்று சும்மா நான்கு டிஷ் போட்டுவைத்தேன். கோவெக்டின் பூசியது இரண்டு, வெறும் டிஷ் இரண்டு. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைச் சீரத்தில் கழுவினேன், ஒன்றை உப்புத் தண்ணீரில்.

சும்மாதான்.

பிப்ரவரி 17, திங்கள்

கோவெக்டின், சீரம்: துடிக்கிறது.
வெறும் டிஷ், சீரம்: துடிக்கிறது.
வெறும் டிஷ், உப்புத் தண்ணீர்: மிதக்கிறது.
கோவெக்டின், உப்புத் தண்ணீர்: மிதக்கிறது.

நான்காவது டிஷ்ஷைத் தட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஒரு செல்கூடப் பிடித்து நிற்கவில்லை. சீரத்திலேயே பற்றவைக்கும் புரதங்கள் இருக்கின்றன, அது எந்தப் பாடப்புத்தகத்திலும் உண்டு, எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். கழுவும்போது அதுதான் டிஷ்ஷில் படிந்து செல்களைப் பிடித்து வைத்திருக்கிறது. கோவெக்டின் ஒன்றும் செய்யவில்லை. ஆறு வருடமாக நான் ஆராய்ந்தது கோவெக்டினை அல்ல, எங்கள் சிக்கனத்தை.

எத்தனை மூளைகள் இந்த அறையில்! சுவரில் மாட்டிய விருதுகள், வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை, வருடா வருடம் கருத்தரங்கு, சால்வை, குரூப் போட்டோ. கண்ட்ரோலை, அதாவது ஒப்பிட வைத்த வெறும் டிஷ்ஷை, எதில் கழுவுகிறோம் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அந்த மூளைகளில் முதல் மூளை என்னுடையது. வெட்கமாக இருக்கிறது. கழிப்பறைக்குப் போய் அழுதேன். வெளியே வந்தபோது பரிமளா மேடம், "சளி புடிச்சிருச்சுங்களா? சுக்குக் காபி போடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாரிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஒரு தடவை பண்ணினதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மூணு தடவை சார். பரிமளா மேடம் ரெண்டு, நான் ஒண்ணு."

"அந்தம்மா பண்ணினதெல்லாம் ஒரு கணக்கா?" எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதோ பாரு சிந்துஜா. இருபத்தி நாலாம் தேதி டிகிரியை வாங்கு. ஜெர்மனில உனக்கு எடம் ரெடியா இருக்கு. அங்க போய் உக்காந்து இதையே சொல்லு. அங்க சொன்னா கண்டுபிடிப்பு, இங்க சொன்னா வம்பு."

"பரிமளா மேடம் பதிவு சார்?"

"அவங்களுக்கென்ன, புருஷன் மஞ்சள் மண்டி வெச்சிருக்கார். இந்த வயசுல எதுக்கு ஆராய்ச்சி?"

சாருக்கு அறுபத்தொன்று. ஆனால் அவர் பேசியதில் ஒரு வரிகூடப் புரியாததாக இல்லை. நான் வாயை மூடிக்கொண்டால் எனக்குப் பட்டம், அந்த அம்மாளுக்கு வேலை போகும். வாயைத் திறந்தால் என் ஆறு வருடம் போகும். படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பரிமளா மேடத்துக்குக் கமிட்டிக் கடிதம் வந்துவிட்டது. ஆர்ப்பாட்டம் செய்வார் என்று நினைத்தேன். மதியம் வரை டிஷ் கழுவினார். பிறகு ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"மன்னிப்புக் கடிதமுங்க. இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு பாத்துக் குடுக்கறீங்களா?"

என் கவனக்குறைவால் விலைமதிப்பற்ற சீரம் வீணாயிற்று, என் அறியாமையால் தவறான முடிவுகள் வந்தன, அதற்கு நான் மட்டுமே பொறுப்பு என்று எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கரும்பலகையில் எழுதிய கை.

"வீட்ல சொல்லிட்டீங்களா மேடம்?"

"அவர்கிட்டச் சொல்லீட்டனுங்க. பாப்பாகிட்டச் சொல்லல. ப்ளஸ் டூ பரிட்சை நேரமுங்க. எங்கம்மா டாக்டராகப் போறாங்கன்னு ஸ்கூல் பூராச் சொல்லீட்டுத் திரியறா."

இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டேன். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். திருப்பிக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றார். இதற்கெல்லாமா நன்றி சொல்வார்கள். சூடு சுரணை வேண்டாமா மனுஷிக்கு?

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா உடுமலையிலிருந்து வந்துவிட்டாள். மாமா ஒரு பேனர் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார். 'முனைவர் சிந்துஜா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்' என்று மஞ்சளில். பின்னணியில் மைக்ரோஸ்கோப், ராக்கெட், தாஜ்மகால். ராக்கெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "சயின்ஸ்தானே கண்ணு" என்கிறார். அதில் என் முகம், எட்டாம் வகுப்பு படித்தபோது எடுத்த போட்டோ. இரட்டைச் சடை.

"நாளைக்கு எல்லாத்துக்கும் பதில் சொல்லிருவியா சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா" என்றேன். அதுதான் தொல்லையே.

ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்த்தேன். கடைசியில் நன்றி ஸ்லைடு. அதற்குப் பின்னால் ஒன்று சேர்த்தேன். பிறகு எடுத்தேன். பிறகு அம்மா தோசைக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

வைவா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளித்தேர்வாளர் பேராசிரியர் ராஜாமணி. நான் பேசிய முக்கால் மணி நேரத்தில் பாதி நேரம் கண்ணை மூடியிருந்தார். கேட்டது இரண்டு கேள்வி. மேற்கோள் பட்டியலில் ஏன் ஓர் ஆண்டு விடுபட்டிருக்கிறது? கோவெக்டின் என்ற அழகான பெயரை யார் வைத்தது? சார் நாணத்தோடு எழுந்து தலை குனிந்தார். அரங்கம் கைதட்டியது. இதற்காகத்தான் ஆறு வருடம்.

பின்வரிசையில் பரிமளா மேடம் உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாளைக்கு அடுத்த நாள் தன்னைத் துரத்தப்போகும் இடத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு ஒரு பொக்கே வேறு மடியில்.

"வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று ராஜாமணி கேட்டார். அது சம்பிரதாயம். எல்லோருக்கும் நன்றி சார் என்று சொல்லி உட்கார வேண்டும். சார் அதற்குள் எழுந்தே விட்டார்.

"ஒரு ஸ்லைடு இருக்கு சார்" என்றேன்.

நான்கு டிஷ். நான்கு படம். கீழே பெயர்: பரிமளா, சிந்துஜா. அவர் பெயரை முதலில் போட்டிருந்தேன், அவர்தான் முதலில் செய்தார்.

கோவெக்டின் டிஷ்ஷைச் சீரத்திலும் வெறும் டிஷ்ஷை உப்புத் தண்ணீரிலும் கழுவி வந்தோம், எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவினால் வித்தியாசமே இல்லை, செல்களைப் பிடித்து வைப்பது சீரம் என்று சொன்னேன். சார் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

ராஜாமணி அப்போதுதான் முழுக்க விழித்தார்.

"ஒரு நிமிஷம். அப்ப உங்க மூணாவது அத்தியாயம்?"

"தப்பு சார்."

"நாலாவது?"

"அது மூணாவது மேல நிக்குது சார்."

"அஞ்சு?"

"அதுவும்தான்."

"இதை யார் கவனிச்சது?"

"பரிமளா மேடம். பின்னாடி உக்காந்திருக்காங்க. எல்லா டிஷ்ஷையும் ஒரே மாதிரி கழுவினது இந்த லேப்ல அவங்க ஒருத்தர்தான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் அம்மா கைதட்டினாள். முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அவள் தட்டியதைப் பார்த்து மாமாவும் தட்டினார். நான் ஸ்லைடை அணைக்காமல் நின்றேன்.

தீர்ப்பு: பட்டத்துக்குப் பரிந்துரை இல்லை. மூன்று அத்தியாயங்களையும் புதிதாகச் செய்து மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். சார் என் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனார். மைசூர்பாக்கை மட்டும் யாரும் விட்டுவைக்கவில்லை.

"என்ன கண்ணு ஆச்சு? பாஸ் இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நான் பண்ணினது தப்புன்னு நானே சொல்லிட்டேன்."

அம்மா என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "பேனரைக் கசங்காமச் சுருட்டுடா. அடுத்தவாட்டி தேதிய மட்டும் மாத்தி ஒட்டிக்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

கமிட்டி கூடியது. பரிமளா மேடத்தின் பதிவு ரத்தாகவில்லை. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டுமே. சரியான ரிசல்ட் எடுத்தார் என்றா எழுத முடியும்? ராஜாமணி கேட்டு எழுதியதால் வழிகாட்டியை வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இடம் மட்டும் இதே ஆய்வகம்தான். மன்னிப்புக் கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டிபன் கேரியருக்கு அடியில் மடித்து வைத்திருந்தார், எண்ணெய் ஒழுகாமல் இருக்க.

மார்ச் 3, திங்கள்

நடந்ததை எழுதி அனுப்பியதற்கு ஜெர்மனிக்காரர்கள் மிகப் பண்பாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு முறை படித்தேன். முட்டை வண்டி வந்துவிட்டதால் எழுந்து போனேன். இந்த முறை மூன்றுதான் உடைசல்.

சார் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைப்பதில்லை. சீரம் இருக்கும் பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். எங்களுக்கு அது தேவையில்லை என்று இன்னும் அவருக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கி, பரிமளா மேடமும் நானும் டிஷ் கழுவினோம். பூசியது, பூசாதது எல்லாம் ஒரே உப்புத் தண்ணீரில். அவர் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏங்க சிந்துஜா. வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னேரம் பிளேன் ஏறியிருப்பீங்க. எதுக்குங்க சொன்னீங்க?"

"அந்தப் பேனரைப் பாத்தீங்களா? ரெட்டைச் சடையும் ராக்கெட்டுமா? அதை ரோட்டுல கட்டியிருந்தா என் மானம் போயிருக்குமுங்க. அதானுங்க."

அவர் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் கலங்கியிருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தும் டிபன் கேரியரைத் திறந்து கச்சாயத்தை என் பக்கம் தள்ளினார். இன்று கொஞ்சம் பரவாயில்லை. டிஷ்களை நாளைக் காலையில் பார்க்க வேண்டும்.